லைட் இன்ஜின்

குருன்னா வெள்ளைத் தாடி இருக்கும், மரத்தடியில கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்னு நினைச்சு ஏறினவங்க இங்கயே இறங்கிக்கலாம். ஈரோடு கொல்லம்பாளையத்துல இருந்த குருவுக்கு வயசு இருபத்தெட்டு. பேரு ஜெசிந்தா. உட்கார்ந்திருந்தது மிக்ஸி ரிப்பேர் கடையில. தாடி கிடையாது. காதுக்குப் பின்னாடி ஒரு டெஸ்டர் மட்டும் இருக்கும்.

சீடனுக்கு வயசு அறுபத்தொண்ணு. பேரு சென்னியப்பன். முப்பத்தி நாலு வருஷம் டீசல் இன்ஜின் டிரைவரா கூட்ஸ் வண்டி ஓட்டிட்டு ரிட்டயர் ஆனவர்.

மிக்ஸி ஜாரோட கடை வாசல்ல வந்து நின்னார். உள்ள மேஜை மேல ஒரு சாண் நீளத்துக்கு டீசல் இன்ஜின் ஒண்ணு வட்டமா ஓடிட்டு இருந்தது. சென்னியப்பன் ஜாரைக் கீழ வெச்சார். அஞ்சு நிமிஷம் பேசல. அவர் அஞ்சு நிமிஷம் பேசாம இருந்தது கல்யாண போட்டோ எடுத்தப்ப கூட கிடையாது.

"அம்மிணி, இது எந்தக் கம்பெனி பொம்மைங்க?"

"பல கம்பெனிங்க மாமா. பாடி எண்ணெய் டின். பல்சக்கரம் பிரிண்டர்ல இருந்தது. அந்த ரேடியேட்டர் வலை டீ வடிகட்டி. கைப்பிடிக் கம்பி, சர்ச்சுல அறுந்து போன கிட்டார் கம்பி."

"ஹார்ன்?"

"அதுக்கு மட்டும் பார்ட்ஸ் கிடைக்கல. வாயால தான் ஊதணும்."

சென்னியப்பன் சுத்திமுத்திப் பாத்துட்டு, மெதுவா "பாம்"னு ஊதினார். ஜெசிந்தா சிரிக்கல. தலையை ஆட்டினா. அந்த இடத்துல தான் அவர் சீடன் ஆனார்.

"எனக்கு இதைக் கத்துக் குடுக்கறீங்களா?"

"மிக்ஸிக்கு என்னங்க மாமா பிரச்சனை?"

"மிக்ஸி கெடக்குதுங்க. நான் தான் ஓட மாட்டேங்கறேன்."

மறுநாள்ல இருந்து காலையில எட்டு அம்பத்தஞ்சுக்கு கடை வாசல்ல நிப்பார். ஒன்பதுக்கு ஷட்டர் தூக்கினதும் வாட்சைப் பாத்து, "ரைட் டைம்"னு சொல்லிட்டு உள்ள போவார்.

வீட்டை விட்டு அவ்வளவு சீக்கிரம் கிளம்பறதுக்குக் காரணம் இருந்தது. காரணத்துக்குப் பேரு சம்பூர்ணம். அவரோட சம்சாரம்.

கூட்ஸ் வண்டி டிரைவருக்கு வீடுங்கறது ஒரு ஸ்டேஷன் மாதிரி. நிப்பார், தண்ணி பிடிப்பார், கிளம்பிருவார். முப்பத்தி நாலு வருஷம் அந்த வீட்டை சம்பூர்ணம் தனியா நடத்தினாங்க. நிதானமா, அவங்க போக்குல. இப்ப திடீர்னு வண்டி ஸ்டேஷன்லயே நின்னுருச்சு. நின்னா பரவால்ல. ஸ்டேஷன் மாஸ்டரை அதிகாரம் பண்ண ஆரம்பிச்சிருச்சு.

ரயில் ஓட்டறவங்ககிட்ட ஒரு வழக்கம் இருக்கு. சிக்னல் கண்ணுல பட்டதும் ஒருத்தர் சத்தமா சொல்லணும்: "க்ரீன்!" பக்கத்துல இருக்கறவர் திருப்பிச் சொல்லணும்: "க்ரீன்!" ரெண்டு பேரும் பாத்தாச்சுன்னு அதுக்கு அர்த்தம். சென்னியப்பன் ரிட்டயர் ஆனப்ப யூனிஃபார்மை விட்டுட்டு வந்தார். இந்த வழக்கத்தை வீட்டுக்குக் கொண்டு வந்துட்டார்.

"பால் பொங்குது!"

சம்பூர்ணம் வெங்காயம் உரிச்சுக்கிட்டே இருந்தாங்க.

"பால் பொங்குதுன்னு சொன்னேனே, திருப்பிச் சொல்லணுமில்ல?"

"பொங்கறது கண்ணுக்குத் தெரியுதில்லீங்க? அடுப்பை அணைக்கறதுக்கு என்ன, கை டூட்டியில இல்லியா?"

அதோட விட்டாரா? அடுப்படி டின்னுக்கெல்லாம் பெயிண்ட்ல நம்பர் போட்டார், வேகனுக்குப் போடற மாதிரி. வரிசையையும் மாத்தினார். அன்னிக்கு சம்பூர்ணம் பழக்கத்துல கையை நீட்டி, ரசத்துல மிளகுப்பொடிக்குப் பதிலா காப்பிப்பொடியைப் போட்டுட்டாங்க. அதை அவர் ரெண்டு டம்ளர் குடிச்சார், எது என்னன்னு தெரியாம. அந்தக் கோபம் தான் அவங்களுக்கு ரொம்ப நாள் இருந்தது.

கடையில சென்னியப்பன் இன்ஜின் செய்ய ஆரம்பிச்சார்.

"எல்லாம் ஒரே வண்டியோட சாமானா இருக்கணுமுங்க அம்மிணி. கலப்படம் எனக்கு ஆகாது."

ஜெசிந்தா ஒரு கூடையை நகர்த்தி வெச்சா. செத்துப் போன டேப் ரெக்கார்டர், பிரிண்டர், பொம்மைக் கார், சிடி பிளேயர் எல்லாத்தோட குடலும் அதுல கிடந்தது.

"இதுல ஒரே மாதிரி ரெண்டு எடுங்க மாமா. அதை வெச்சு ஆரம்பிக்கலாம்."

மத்தியானம் வரைக்கும் தேடினார். ஒரே மாதிரி ரெண்டு ஸ்க்ரூ கிடைச்சது. ஒண்ணு தேஞ்சு போனது.

அதுக்கப்புறம் அவர் கலப்படத்தைப் பத்திப் பேசல. எண்ணெய் டின்னை வெட்டினார், மடக்கினார், விரலையும் வெட்டிக்கிட்டார். டார்ச் பல்பு ஹெட்லைட் ஆச்சு. பேனா மூடி சைலன்சர் ஆச்சு. பெட்டியை மாட்டற கொக்கிக்கு என்ன பண்றதுன்னு கேட்டப்ப ஜெசிந்தா சொன்னா, "நல்ல கம்பியில, சின்னதா, பிடிச்சா விடாத கொக்கி வேணும் மாமா. வீட்டுல பாருங்க."

வீட்டுல பாத்தார். பீரோவுல சம்பூர்ணத்தோட ரவிக்கைங்க மடிச்சு வெச்சிருந்தது. ஒரு ரவிக்கைக்கு அஞ்சு கொக்கி. தேவைப்பட்டது இன்ஜினுக்கு ஒண்ணு, பெட்டிக்கு ஒன்பது, மொத்தம் பத்து. கணக்கு சுத்தமா வந்ததுல அவருக்கு ஒரே சந்தோஷம்.

கடைசியா மோட்டார். டீசல் இன்ஜினுக்குக் கீழ முன்னாடி ஒரு சக்கர செட்டு, பின்னாடி ஒண்ணு. ரெண்டுக்கும் தனித்தனி மோட்டார் வேணும். கூடையில ஒரே மாதிரி ரெண்டு எங்க இருக்கு? முன்னாடி பிரிண்டர் மோட்டாரைப் போட்டார். அது பேப்பரைப் பிடிச்சுத் தள்ளிப் பழகினது, பறக்கும். பின்னாடி டேப் ரெக்கார்டர் மோட்டார். பாட்டுக்குச் சுத்திப் பழகினது, நிதானம்.

கரண்ட் குடுத்தார். இன்ஜின் ஓடல. ஆடு மாதிரி துள்ளிச்சு. கடகடன்னு சத்தம். முன்னாடி இருக்கறது இழுக்குது, பின்னாடி இருக்கறது "எதுக்கு இவ்வளவு அவசரம்"ங்குது. வட்டத்தை ஒரு சுத்து முடிக்கறதுக்குள்ள ரெண்டு வாட்டி தண்டவாளத்தை விட்டு இறங்கிருச்சு.

வயரை மாத்தினார். பல்லுக்கு கிரீஸ் வெச்சார். திட்டினார். நாலு நாள் போச்சு.

"வாத்தியாரம்மா, ரெண்டும் ஒத்துப்போக மாட்டேங்குதுங்க. ஒண்ணைக் கழட்டிரட்டா?"

"எதைங்க மாமா?"

"மெதுவா போறதைத் தான்."

"வேகமா போறதை இல்லையா?"

"ஏனுங்க, வேகமா போறது என்னங்க தப்புப் பண்ணுச்சு?"

ஜெசிந்தா ஒரு மிக்ஸியைத் திருப்பிப் போட்டு அடியைப் பாத்தா. "கழட்டிப் பாருங்க."

கழட்டினார். டேப் ரெக்கார்டர் மோட்டார் கைக்கு வந்தது. கரண்ட் குடுத்தார். இன்ஜின் வெண்ணெய் மேல போற மாதிரி போச்சு. துள்ளல் இல்ல, சத்தம் இல்ல. சென்னியப்பன் ஏழு சுத்து ஓட்டினார்.

"பாத்தீங்களா? இப்ப சண்டையே இல்ல."

"ம்."

குருமாருங்க "ம்"னு சொன்னா அதுல பதினாறு அர்த்தம் இருக்கும். சென்னியப்பன் பதினேழாவதா ஒண்ணை எடுத்துக்கிட்டார்.

"வீட்டுலயும் இதே தானுங்க ஆகப் போகுது"ன்னார், இன்ஜினைப் பாத்துக்கிட்டே. "வெள்ளிக்கிழமை அவ ஓசூருக்கு மக வீட்டுக்குப் போறா."

"எப்ப வருவாங்க?"

"வர்றதுக்குப் போகலீங்க. அங்கயே இருந்துக்கறாளாம். துணி எல்லாம் எடுத்து வெச்சாச்சு." ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். "நல்லதுதானுங்க. அவளுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. சத்தம் இருக்காது பாருங்க."

பேசிக்கிட்டே ஏற்கெனவே இறுக்கின ஸ்க்ரூவை இன்னும் இறுக்கினார். மரை போச்சு. ஜெசிந்தா வேற ஒரு ஸ்க்ரூ எடுத்துக் குடுத்தா. அதையும் மரை போக இறுக்கினார்.

"நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்களே?"

"வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு காலனி ஸ்கூல்ல பசங்களுக்கு உங்க இன்ஜினை ஓட்டிக் காட்டணும் மாமா. ஒன்பது பெட்டியும் செஞ்சு வெச்சிருக்கேன்."

"அவளுக்கு ஒண்ணேகாலுக்கு வண்டிங்க."

"அதுக்குள்ள முடிஞ்சிரும்."

வெள்ளிக்கிழமை வந்தது. ஸ்கூல்ல ஓட்டறதுக்கு ஜெசிந்தா ஒரு பெரிய தண்டவாளம் செஞ்சு வெச்சிருந்தா. யாரோ வீடு இடிச்சப்ப கிடைச்ச பழைய கதவு. ஏழடி நீளம், தேக்கு. அது மேல தண்டவாளத்தை ஆணி அடிச்சு, நடுவுல பச்சை பெயிண்ட் அடிச்சிருந்தா. தாழ்ப்பாள் மட்டும் அப்படியே இருந்தது.

அதை ஏத்திட்டுப் போக பத்து மணிக்கு ஒரு குட்டியானை வேன் வந்தது. ஜெசிந்தா வெளிய போய் வண்டிக்காரர்கிட்ட என்னமோ சொன்னா. குட்டியானை திரும்பிப் போயிருச்சு. கொஞ்ச நேரத்துல, டீ குடிக்கப் போயிருந்த சென்னியப்பன் திரும்பி வந்தார்.

"வண்டி எங்கீங்க?"

"இல்லீங்க மாமா. தூக்கிட்டுத் தான் போகணும்."

"இதையா? தண்டவாளத்தைத் தாண்டற நடைப் பாலத்து மேலயா? இன்னொரு ஆளு வேணுமேங்க."

இன்னொரு ஆளு ஒரு பையைத் தோள்ல மாட்டிட்டு, வீட்டுச் சாவியைக் கையில பிடிச்சுட்டு, அப்பத்தான் கடை வாசல்ல வந்து நின்னது.

"வாத்தியார் வாத்தியார்னாரே, நீதானா கண்ணு?" சம்பூர்ணம் ஜெசிந்தாவை மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தாங்க. "நான் யாரோ வயசான ஆம்பளையாக்கும்னு இருந்தேன்."

"வாங்க அத்தை. உட்காருங்க."

"உட்கார நேரமில்ல சாமி. இவருகிட்ட சாவியைக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன். அப்படியே ஒண்ணு கேக்கணும்." புருஷன் பக்கம் திரும்பினாங்க. "ஏனுங்க, ஊருக்குப் போட்டுட்டுப் போற ரவிக்கை ரெண்டுலயும் ஒரு கொக்கி கூட இல்ல. வீட்டுக்குத் திருடன் வந்தானா, இல்ல எலி தையல் பழகுதா?"

சென்னியப்பன் குருவைப் பாத்தார். குரு கூரையைப் பாத்தா.

"இப்ப எதைப் போட்டுட்டு வந்திருக்க?"

"ஊக்கு குத்தியிருக்கேன். மக கேட்டா உங்கப்பன் ரயிலு விட்டதுல என்னோடது காணாமப் போச்சுன்னு சொல்றேன்."

"அத்தை," ஜெசிந்தா சொன்னா, "உங்க வண்டிக்கு இன்னும் மூணு மணி நேரம் இருக்கு. ஸ்டேஷனுக்கும் அந்தப் பாலத்து மேல தான போகணும்? இந்தக் கதவுக்கு ஒரு கை குடுங்களேன். பசங்க காத்துட்டிருப்பாங்க."

பசங்கன்னதும் சம்பூர்ணம் சேலையைத் தூக்கிச் சொருகினாங்க.

ஜெசிந்தா பெட்டிங்களையும் இன்ஜினையும் ஒரு அட்டைப் பெட்டியில எடுத்துக்கிட்டு முன்னாடி போனா. கதவை ரெண்டு பேரும் தூக்கினாங்க. முன்னாடி சென்னியப்பன், பின்னாடி சம்பூர்ணம். அவர் ஆரம்பிச்ச வேகத்துக்குப் பத்தடி போறதுக்குள்ள கதவு அவங்க கையை விட்டு உருவிக்கிச்சு.

"மெதுவா போங்க!"

"நீ வேகமா வா."

"நான் என்ன கூட்ஸ் பெட்டியா, இழுத்த இழுப்புக்கு வர்றதுக்கு? எனக்கு இங்கிருந்து என்ன தெரியுதுன்னு நினைக்கறீங்க? உங்க முதுகு தான் தெரியுது. கட்டிக்கிட்டு வந்ததுல இருந்து அதுதான் தெரியுது."

சென்னியப்பன் நின்னார். கதவைக் கீழ வெச்சார். திரும்பி நின்னு, அவங்களைப் பாத்தபடி கதவைப் பிடிச்சார்.

"பின்னால நடந்தா போவீங்க?"

"ஆமா."

"பாலத்துல படி இருக்கு."

"தெரியும்."

"தெரியுமாம். பொறடியில கண்ணா இருக்கு? படி வந்தா நான் சொல்றேன்."

பாலம் வந்தது.

"படி!"ன்னாங்க சம்பூர்ணம்.

சென்னியப்பன் காலை வெச்சார்.

"காதுல விழுந்துச்சா இல்லியா? திருப்பிச் சொல்லுங்க!"

சென்னியப்பன் அவங்க முகத்தையே பாத்தார். "படி"ன்னார்.

"படி!"

"படி!"

"படி!"

"படி!"

முப்பத்தாறு படி. கீழ இருந்து பாத்தவங்க ஏதோ வேண்டுதல்னு நினைச்சு வழி விட்டாங்க. மேல போனதும் சமதரை.

"ஆடு!"

"ஆடா?"

"ஆடு படுத்திருக்குதுங்க! இடப்பக்கம் வாங்க!"

"ஆடு! இடப்பக்கம்!"

ஆடு எந்திரிக்கல. இந்த மாதிரி குடும்பங்களை அது நிறையப் பாத்திருக்கும் போல.

பாலத்து நடுவுல போறப்ப கீழ ஒரு கூட்ஸ் வண்டி போச்சு. பாலமே அதிர்ந்தது. எந்த வண்டி போனாலும் எட்டிப் பாக்காம இருக்க முடியாத மனுஷன் அவர். இப்ப ரெண்டு கையிலயும் கதவு, முதுகுப் பக்கம் வண்டி.

"என்ன இன்ஜின் சம்பூர்ணம்?"

"எனக்கென்னங்க தெரியும். நீலம். முன்னாடி வெள்ளைக் கோடு." கொஞ்ச நேரம் நின்னு பாத்தாங்க. "டிரைவர் சின்னப் பையனாட்டம் இருக்கான். சாப்பிட்டானோ என்னமோ." அப்புறம், அவர் கேக்காமயே, "கடைசி கார்டு பெட்டியும் போயிருச்சு. வாங்க, படி!"

"படி!"

ஸ்கூல் ஹால்ல அறுபது பசங்க உட்கார்ந்திருந்தாங்க. கதவை ரெண்டு பெஞ்சு மேல வெச்சாங்க. ஒன்பது பெட்டியையும் வரிசையா தண்டவாளத்துல நிறுத்தினாங்க. ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஜெசிந்தா நட்டும் போல்ட்டும் நிரப்பியிருந்தா, நிஜ சரக்கு வண்டி மாதிரி கனமா. கடையில இருந்த வட்டம் சின்னது. இன்ஜின் தனியா ஓடத் தான் இடம். பெட்டியோட ஓடப் போறது இதுதான் முதல் தடவை.

சென்னியப்பன் சட்டையை இழுத்து விட்டுக்கிட்டார். "பாம்"னு ஊதினார். பசங்க கை தட்டினாங்க. கரண்ட் குடுத்தார்.

சக்கரம் சுத்துச்சு. இன்ஜின் நகரல. இன்னும் கொஞ்சம் குடுத்தார். பிரிண்டர் மோட்டார் வீல்னு கத்துச்சு, முன் சக்கரம் நின்ன இடத்துலயே பறந்தது. வண்டி ஒரு இஞ்சு போகல.

முன் வரிசையில இருந்த ஒரு பொண்ணு கேட்டா, "அங்கிள், எக்சர்சைஸ் பண்ணுதா?"

அறுபது பேரும் சிரிச்சாங்க. மழைக்காலத்துல மலை ஏத்தத்துல ஆயிரக்கணக்கான டன்னை இழுத்த மனுஷன், ஒரு கதவு முன்னாடி வேர்த்து நின்னார். ஜெசிந்தாவைப் பாத்தார். அவ வயரைச் சுத்திக்கிட்டு இருந்தா.

சென்னியப்பன் சட்டைப் பையில கையை விட்டார். டேப் ரெக்கார்டர் மோட்டாரை வெளிய எடுத்தார்.

"அதை ஏங்க மாமா பையில வெச்சிருந்தீங்க?" ஜெசிந்தா கேட்டா.

"கூடையில போட்டுரலாம்னு தான் நினைச்சேன்." மோட்டாரைத் துடைச்சார். "மனசு வரலீங்க."

இன்ஜினைக் கவுத்துப் போட்டு மாட்டப் பாத்தார். விரல் தடிமன், ஸ்க்ரூ கடுகளவு. ரெண்டு வாட்டி கீழ விழுந்தது. மூணாவது வாட்டி பசங்க தேடி எடுத்துக் குடுத்தாங்க.

"இங்க குடுங்க." சம்பூர்ணம் பையைக் கழட்டி பெஞ்சு மேல வெச்சுட்டு வந்தாங்க. "நோகாம கொக்கியைப் பிடுங்கத் தெரியுது. ஒரு ஸ்க்ரூ மாட்டத் தெரியல. எந்தப் பக்கம் திருப்பணும்?"

"வலப்பக்கம்."

"வலப்பக்கம்"னாங்க அவங்க, திருப்பிக்கிட்டே.

மாட்டியாச்சு. பெட்டியில்லாம இன்ஜினை மட்டும் தண்டவாளத்துல வெச்சு ஓட்டினார். கடகடகட. பழைய துள்ளல், பழைய சத்தம். பசங்க காதைப் பொத்தினாங்க. சென்னியப்பன் கரண்டை நிறுத்திட்டுத் தலையில கை வெச்சார்.

"பெட்டியை மாட்டுங்க மாமா"ன்னா ஜெசிந்தா.

"சும்மா போறப்பவே இந்தச் சண்டை போடுதுங்களே. இதுல பாரத்தையும் கட்டினா?"

"மாட்டுங்க."

மாட்டினார். ரவிக்கைக் கொக்கி பெட்டியோட வளையத்துல விழுந்தது. கரண்ட் குடுத்தார், கண்ணை மூடிக்கிட்டார்.

ஒரு இழுப்பு. ஒரு குலுக்கல். அப்புறம் ஒவ்வொரு கொக்கியா இறுகற சத்தம், டிக் டிக் டிக்னு கடைசிப் பெட்டி வரைக்கும். அதுக்கு மேல ஒரு சத்தமும் இல்ல. கண்ணைத் திறந்தா ஒன்பது பெட்டியும் தாழ்ப்பாளைத் தாண்டிப் போயிட்டு இருக்கு. வேகமா இல்ல. மெதுவாவும் இல்ல. பசங்க போட்ட கூச்சல்ல ஹெட்மாஸ்டர் ரூம்ல இருந்து ஓடி வந்தார்.

சென்னியப்பன் வாயைப் பொத்திக்கிட்டு நின்னார்.

"லைட் இன்ஜின்"னார்.

"என்னங்க?"ன்னாங்க சம்பூர்ணம்.

"பின்னாடி பெட்டி ஒண்ணும் இல்லாம இன்ஜின் மட்டும் தனியா போச்சுன்னா, அதுக்கு லைட் இன்ஜின்னு நாங்க சொல்றது. முப்பத்தி நாலு வருஷம் வண்டி ஓட்டினவன், இத்தனை நாளா லைட் இன்ஜினா வெச்சே ஓட்டிப் பாத்துட்டு, இது சரியில்ல, அது சரியில்லன்னு கழட்டிக்கிட்டு இருந்திருக்கேன்."

சம்பூர்ணம் வண்டி நாலு சுத்து சுத்தறதைப் பாத்தாங்க. அதுல எது வேகம், எது நிதானம்னு வெளிய தெரியல.

"அதே மோட்டாரு தான கண்ணு? இப்ப மட்டும் ஏன் சத்தம் போடல?"

"இப்ப இழுக்கறதுக்கு வேலை இருக்குல்லீங்க அத்தை"ன்னா ஜெசிந்தா.

பசங்க ஒவ்வொருத்தரா வந்து ஓட்டிப் பாத்தாங்க. மணி அடிச்சதும் சாப்பாட்டுக்கு ஓடிட்டாங்க. ஹால்ல மூணு பேரும் கதவும் மிச்சம்.

பன்னெண்டே முக்கால். சம்பூர்ணம் பையைத் தோள்ல மாட்டினாங்க. சாவியை நீட்டினாங்க. சென்னியப்பன் வாங்கிக்கிட்டார்.

"டின்னு நம்பரெல்லாம் காலையில சுரண்டி எடுத்துட்டேன்"னாங்க. "எதுல என்ன இருக்குன்னு மோந்து பாத்துக்கோங்க."

"சரி."

"பால் பொங்கினா அணைச்சுக்கோங்க."

"சரி."

"என்ன, எல்லாத்துக்கும் சரிங்கறீங்க?"

"வேற என்ன சொல்றதுன்னு தெரியல."

சம்பூர்ணம் வாசல் வரைக்கும் போனாங்க. அங்க நின்னு, செருப்பு வாரை சரி பண்ணினாங்க. சரியா இருந்த வார் தான். ரொம்ப நேரம் பண்ணினாங்க.

சென்னியப்பன் சாவியை ஒரு கையில இருந்து இன்னொரு கைக்கு மாத்தினார். "இரு"ன்னு ஒரு வார்த்தை. அவ்வளவு தான் சொல்லணும். ஊரே கேக்கற மாதிரி சிக்னல் சொன்ன வாயி. அது வரல. குருகிட்ட திரும்பினார். குரல் இறங்கிப் போயிருந்தது.

"வாத்தியாரம்மா, நீங்களாச்சும் சொல்லுங்க. இப்ப அவளைப் போகச் சொல்றதா, இருக்கச் சொல்றதா?"

வாசல்ல குனிஞ்சிருந்த தலை நிமிரல. ஆனா செருப்பு வார் மேல இருந்த கை நின்னுருச்சு.

ஜெசிந்தா ஒன்பதாவது பெட்டியை அட்டைப் பெட்டிக்குள்ள வெச்சு மூடினா. கையைத் தட்டிக்கிட்டா. வாசல்ல இருந்தவங்களுக்கும் கேக்கற மாதிரி, சாதாரணமா கேட்டா:

"நாலு மணிக்கு ஹாலைப் பூட்டிருவாங்களே மாமா. இந்தக் கதவை யாரு திருப்பித் தூக்கிட்டு வருவா?"